துப்பாக்கி கையில் இருக்கிறது, மறுநாள் என்ன? எந்த லிபர்ட்டேரியன் நாவலை முதலில் எடுக்கலாம்

துப்பாக்கி உரிமை, அரசின் பிடி இல்லாத சமூகம் இரண்டையும் கதைக்களமாகக் கொண்ட நாவல்களுக்கு அமெரிக்காவில் நீண்ட மரபு உண்டு. தனிமனித சுதந்திரமே பெரிது, அரசு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்னும் இந்தச் சிந்தனையைத்தான் லிபர்ட்டேரியன் என்கிறார்கள். இதற்கென்றே 'பிரமீதியஸ்' என்ற விருதும் 1979 முதல் இருக்கிறது. இவற்றில் எதைப் பரிந்துரைப்பது என்று வரும்போது நான் பார்ப்பது ஒன்றுதான். ஆயுதம் ஒரு மனிதனுக்கு 'முடியாது' என்று சொல்லும் தெம்பைத் தரும். அப்படிச் சொன்ன மறுநாள் வழக்கை யார் தீர்ப்பது, வரி உண்டா, அடுத்த கொடுங்கோலனை யார் தடுப்பது? அதுவரை கூடவே வரும் நாவல்தான் நல்ல நாவல்.

ஏ. இ. வான் வோக்ட்டின் 'தி வெப்பன் ஷாப்ஸ் ஆஃப் இஷர்' (1951) அதுவரை வராது. ஆனாலும் அறிமுகத்துக்கு இதைவிட எளிதான புத்தகம் கிடையாது. ஃபாரா கிளார்க் என்ற கிராமத்து மெக்கானிக் மகாராணியின் பரம விசுவாசி. ஊருக்குள் திடீரென முளைத்த ஆயுதக் கடையை விரட்டியே தீருவேன் என்று நிற்கிறார். கடைசியில் தன் பட்டறையையே பறிகொடுத்துவிட்டு, அதே கடையில் போய்த் துப்பாக்கி வாங்குகிறார். அந்த மனமாற்றம் அழுத்தமாக வந்திருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், அந்தக் கடைத் துப்பாக்கிகள் தற்காப்புக்கு மட்டுமே சுடும். நியாயம் தெரிந்த ஆயுதம் என்று வைத்துவிட்டால் கடினமான கேள்வி எதுவுமே மிஞ்சுவதில்லை.

எல். நீல் ஸ்மித்தின் 'தி பிராபபிலிட்டி பிரோச்' (1980), ஜான் ராஸின் 'அன்இன்டென்டட் கான்சிக்வென்சஸ்' (1996) இரண்டும் துப்பாக்கி உரிமையாளர்களின் செல்லப் புத்தகங்கள். ஸ்மித்தின் கதையில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒரே ஒரு சொல் கூடுகிறது: ஆளப்படுவோரின் 'ஒருமனதான' சம்மதம். விஸ்கி மீதான வரியை எதிர்த்து விவசாயிகள் செய்த 1794 கலகத்தை நிஜத்தில் அரசு ஒடுக்கிவிட்டது. கதையில் அந்தச் சொல்லால் கலகம் ஜெயித்து, வரலாறே வேறு பாதையில் போகிறது. டென்வர் போலீஸ்காரர் ஒருவர் அந்த இணை உலகத்துக்குள் போய் விழுகிறார். அங்கே எல்லாரும் இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடுகிறார்கள், சிம்பன்சிகளுக்கும் குடியுரிமை உண்டு. விறுவிறுப்பான வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சமூகம் ஏற்கெனவே கட்டி முடித்துச் சுண்ணாம்பும் அடித்த வீடு. கட்டியவர்கள் பட்ட பாடு கதையில் இல்லை.

ராஸ் நேர் எதிர். இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றைக் கட்டுப்படுத்திய 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டம், அதன் 200 டாலர் வரி, அந்தச் சட்டம் செல்லுமா என்று கேட்ட 1939 மில்லர் வழக்கு என்று உண்மை வரலாற்றைப் பொறுமையாக அடுக்குகிறார். மில்லர் வழக்கில் அரசுத் தரப்பு மட்டுமே உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது, எதிர்த்தரப்பில் ஒருவரும் ஆஜராகவில்லை. அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரிய இந்தப் பகுதிகள் உதவும். அதன்பிறகு கதை, அரசு முகவர்களையும் அரசியல்வாதிகளையும் கொன்று குவிப்பதையே தீர்வாக வைக்கிறது. செத்துப்போகிறவர்களுக்கு முகமே கொடுக்காத இந்தப் பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. பயத்தில் பணிந்த அரசு சுதந்திர சமூகம் ஆகிவிடாது. 850 பக்கங்களைத் தாண்டும் இந்தப் புத்தகத்தை முதல் வாசிப்பாக யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

என் முதல் பரிந்துரை ராபர்ட் ஹைன்லைனின் 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' (1966). மறு ஆண்டே அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. நிலவு ஒரு கைதிக் குடியேற்றம். அங்கே விளையும் கோதுமை பூமிக்கு, குறிப்பாகப் பசியால் வாடும் இந்தியாவுக்கு, கப்பமாகப் போகிறது. நிலவின் தண்ணீர் இப்படியே ஏற்றுமதியானால் ஏழு ஆண்டில் உணவுக் கலவரம் என்று, கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்ட 'மைக்' என்ற கணினி கணக்குச் சொல்கிறது. கலகக்காரர்களிடம் ராணுவம் இல்லை. சுரங்கத்தில் துளைபோடும் லேசர் கருவியே அவர்களுக்கு ஆயுதமாகிறது, கோதுமை அனுப்பும் எந்திரமே பூமியின்மேல் பாறை எறிகிறது. உழைப்பாளியின் கருவியும் ஆயுதமும் ஒன்றாகிவிடும் இந்த இடத்தில், ஆயுத உரிமையைப் பற்றி மற்றவர்கள் பக்கம் பக்கமாகப் பேசியது கதையாகவே வந்துவிடுகிறது.

சட்டமில்லாத ஊர் எப்படி நடக்கும் என்பதையும் காட்டுகிறார். பூமியிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவன் விவரம் தெரியாமல் ஒரு பெண்ணிடம் நெருங்கிவிடுகிறான். இளவட்டங்கள் அவனைக் கொன்றுவிடத் துடிக்கின்றன. வழக்கமாகத் தீர்ப்புச் சொல்பவர் கிடைக்காததால் வழியில் அகப்பட்ட கதைசொல்லி மானுவலை நீதிபதியாக்குகிறார்கள், கட்டணம் பேசி விசாரணை நடக்கிறது. அந்தப் பயணி உயிர் பிழைக்கிறான். ஆனால் அந்த நேரத்தில் அங்கே அகப்பட்டவன் ஒரு முரடனாக இருந்திருந்தால்? அந்தப் பயமும் வாசகருக்கு வருகிறது. அதனால்தான் காட்சி உண்மையாக இருக்கிறது.

புரட்சிக்குப் பிறகு, அதன் தலைவர்களில் ஒருவரான பேராசிரியர் டி லா பாஸ், ஒரு அவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு மட்டுமே சட்டம் போடட்டும், இன்னொரு அவைக்குச் சட்டங்களை நீக்குவது மட்டுமே வேலை, அதற்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்று யோசனை சொல்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. பழையபடி விதிகள் முளைக்கின்றன. புரட்சிக்காரர்களே தேர்தலில் தில்லுமுல்லு செய்ததையும் ஹைன்லைன் மறைக்கவில்லை. தன் கொள்கைக்குச் சங்கடமானதையும் எழுதத் துணிந்ததால்தான் இந்த நாவலை நம்புகிறேன்.

இதை முடித்த கையோடு எரிக் ஃபிராங்க் ரஸ்ஸலின் 1951 குறுநாவல் 'அண்ட் தென் தேர் வேர் நன்' எடுங்கள். காந்தியின் பெயரால் தங்களை 'காண்ட்' என்று அழைத்துக்கொள்ளும் மக்கள், ஆயுதமே இல்லாமல் 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லால் ஒரு விண்கப்பல் படையைக் கரைக்கிறார்கள். பணத்துக்குப் பதில் கைமாறு. வாங்கித் தின்றுவிட்டுத் திருப்பிச் செய்யாதவனுக்கு ஊரே கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. விடுப்பில் இறங்கிய சிப்பாய்கள் திரும்புவதில்லை. துப்பாக்கி இல்லாவிட்டால் சுதந்திரமே இல்லை என்ற வாதத்துக்கு இந்த மரபுக்குள்ளிருந்தே வந்த வலுவான மறுப்பு இது. பின்னாளில் இதை உள்ளடக்கி வந்த 'தி கிரேட் எக்ஸ்ப்ளோஷன்' (1962) நாவலுக்கு அவசரமில்லை, குறுநாவலே போதும்.