வளைவில் ஏமாற்றிய பட்டறை: குட்டி ரயில் பாதை போடுபவர்கள் கவனத்துக்கு

கண்ணங்குறிச்சியில் எங்கள் தென்னந்தோப்பில் பேரப்பிள்ளைகளுக்காக 5 அங்குல கேஜில் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 5 அங்குலம்) குட்டி ரயில் பாதை போட ஆசைப்பட்டேன். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஓடும் பாதை. இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு வண்டிமேல் உட்கார வேண்டும். பாரம் முழுக்க மேலே நிற்பதால் வளைவில் ஆள் வெளிப்பக்கம் சாய்வார். அதற்காகத்தான் வெளித்தண்டவாளத்தைத் தூக்கி வைப்பது. ரயில்வேயில் கேன்ட் என்போம். 12 மீட்டர் ஆரத்துக்கு, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 8 மி.மீ. போதும். லைன் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான்; அளவெல்லாம் வரைந்தே கொடுத்தேன்.

சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறை 70,000 ரூபாய் முன்பணம் வாங்கியது. ஒரு மாதம் என்றார்கள், நாலு மாதம் இழுத்தார்கள்.

முதல் ஓட்டத்தில் என் மச்சினன் உட்கார்ந்தார். வளைவுக்குள் போகும்போது ஒன்றுமில்லை. வெளியே வரும் இடத்தில் முன்சக்கரம் ஏறி, ஆளோடு வண்டி சரிந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். 8 மி.மீ. இருந்தது, ஆனால் ஒரே தாங்கியில் (தண்டவாளத்தைத் தாங்கும் கால்) ஏறி ஒரே தாங்கியில் இறங்கியது. படிப்படியாக ஏற்ற வேண்டியதை வாஷரை அடுக்கி முடித்திருக்கிறார்கள். இறங்கும் இடத்தில் பின்சக்கரங்கள் சாய்விலும் முன்சக்கரங்கள் மட்டத்திலும் இருக்கும். அப்போது வழிகாட்ட வேண்டிய வெளிப்பக்க முன்சக்கரத்தில்தான் பாரம் குறையும். தடம் புரளாமல் என்ன செய்யும்?

சந்தேகம் வந்து, தண்டவாளத்துக்குப் போட்டதில் மீந்து கிடந்த முழு இரும்புப் பட்டை ஒன்றைப் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டேன். பில்லில் 25க்கு 10 மி.மீ. என்று இருந்தது. அந்தப் பட்டை 6 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 11.8 கிலோ இருக்க வேண்டும். தராசு காட்டியது 9.4. ரெட் ஆக்சைடைச் சுரண்டி அளந்தால் 8 மி.மீ. கனம்தான். இறக்கிய அன்றே எடை போடாதது என் தப்பு. நீங்கள் போட்டுப் பாருங்கள்.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். "குழந்தைங்க வெளாடறதுக்கு இவ்ளோ கணக்கு எதுக்குங்கண்ணா?" என்றார். குழந்தைகள் உட்காரப்போகிறார்கள் என்பதால்தானே அந்தக் கணக்கே! பணம் திரும்பவில்லை. இப்போது போனும் எடுப்பதில்லை.

கேன்ட் எத்தனை மீட்டரில் ஏறி இறங்க வேண்டும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். நான் அந்த வளைவைக் கழற்றிவிட்டேன். கால் மீட்டருக்கு ஒரு தாங்கி, தாங்கிக்கு 1 மி.மீ. என 2 மீட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஏறும் பக்கம் முடிந்தது. இறங்கும் பக்கம் இன்னும் ஐந்து தாங்கி பாக்கி.