வேற்றுமை உருபு ஒப்பிக்கிறான், பசிக்குதுன்னு சொல்ல வரல: மொழி வகுப்புக்கு பழைய முறையா, புது முறையா?

என் வகுப்புல ஒரு பையன் இருந்தான். வேற்றுமை பரீட்சையில 20க்கு 20. ஐ, ஆல், கு, இன், அது, கண்ணுன்னு மூச்சு விடாம ஒப்பிப்பான், அட்டவணைய நோட்டுல அடிக்கோடு போட்டு அழகா எழுதியிருப்பான். அந்த பரீட்சை பேப்பர திருப்பிக் கொடுத்த அன்னைக்கே இடைவேளைக்கு முன்னாடி என் மேஜைகிட்ட வந்து நின்னு, "டீச்சர், நான் பசிக்குது"ன்னான்.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. "எனக்கு"ங்குற சொல்ல அதே பேப்பர்ல அவன் சரியா எழுதியிருக்கான், நாலாம் வேற்றுமைன்னு பக்கத்துல குறிப்பு வேற. ஆனா வயிறு பசிக்கும்போது வாயில வந்தது "நான்". அவன் வீட்டுல பேசுற மொழியில பசிக்கிற ஆள்தான் எழுவாய், தமிழ்ல அப்படி இல்ல, பசி, தூக்கம், வேணும், பிடிக்கும், தெரியும் எல்லாத்துக்கும் ஆள் "கு" போட்டுத்தான் வரணும். இத நான் கரும்பலகையில மூணு தடவ விளக்கியிருக்கேன். அவனுக்கு விதி தெரியும், ஆனா பேச்சுல அது வந்து நிக்கல.

நான் தமிழை ரெண்டாம் மொழியா படிக்கிற 8லேர்ந்து 12 வயசு பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்குறேன், வாரத்துக்கு ஒரு வகுப்பு. முதல் ஆறு வருஷம் முழுக்க பழைய முறை, இப்போ அஞ்சு வருஷமா புது முறை. என் முடிவ இப்பவே சொல்லிடுறேன்: பேச விடுற முறைக்குத்தான் என் ஓட்டு, திரும்பிப் போற எண்ணம் இல்ல. ஆனா பழைய முறையில இருந்து ரெண்டு மூணு விஷயத்த கையோட எடுத்துட்டு வந்திருக்கேன், அதையும் சொல்றேன்.

பழைய முறைன்னு நான் சொல்றது இலக்கணம் விளக்கி, சொற்பட்டியல் கொடுத்து, மனப்பாடம் பண்ண வெச்சு, மொழிபெயர்க்க வெச்சு, தப்ப சிவப்பு மையில திருத்துறது. புது முறைன்னா மொழிய வெச்சு ஏதாவது ஒரு வேலைய முடிக்க விடுறது, கேக்குறது, சொல்றது, கண்டுபிடிக்கிறது, இலக்கணம் அதுக்கு நடுவுல வரும். புதுசுன்னு பேருதானே ஒழிய சண்டை ரொம்ப பழசு. 1882லயே வில்ஹெல்ம் ஃபியெட்டோர்னு ஒரு ஜெர்மன்காரர் மொழிப்பாடம் தலைகீழா மாறணும்னு தனியா ஒரு சிறுநூலே போட்டாரு. அதுக்கும் நாலு வருஷம் முன்னாடி, 1878ல, பெர்லிட்ஸ் தன்னோட மொழிப்பள்ளிய ஆரம்பிச்சாச்சு, அங்க மொழிபெயர்ப்பே கிடையாது, கத்துக்கிற மொழியிலதான் பாடம். 1970கள்ல டெல் ஹைம்ஸ்னு ஒரு அமெரிக்க மொழியியலாளர் சொன்ன கருத்து புது முறைக்கு நல்ல பலமா அமைஞ்சுது, இலக்கண விதி தெரிஞ்சா மட்டும் பத்தாது, எங்க யார்கிட்ட எப்படி பேசணும்னு தெரியுறதும் மொழி அறிவுதான்னு.

எல்லாரும் சொல்ற விஷயங்கள வேகமா முடிச்சுடுறேன். பழைய முறையில பாடம் தயார் பண்றது சுலபம், மார்க் போடுறது சுலபம், வகுப்பு அமைதியா இருக்கும், நோட்டு நிறைஞ்சிருக்கும், பெற்றோருக்கு அத காட்டலாம். புது முறையில பிள்ளைங்க சந்தோஷமா இருப்பாங்க, சத்தம் இருக்கும், தயாரிப்புக்கு நேரம் ஆகும், ஒரு வகுப்புக்கு நான் ஒன்றரை மணி நேரம் உக்காந்து கார்டு வெட்டியிருக்கேன். இதெல்லாம் உண்மை, ஆனா நான் மாறுனதுக்கு காரணம் இது எதுவுமே இல்ல.

என்ன மாத்துனது ஒரு கணக்கு. பசிக்குதுன்னு வந்த அந்தப் பையன் போனதுக்கு அப்புறம் அந்த வாரமே உக்காந்து போட்டேன். வகுப்பு 50 நிமிஷம். வருகைப்பதிவு, வீட்டுப்பாடம் பாக்குறது, நோட்ட எடு பேனாவ எடு எல்லாம் சேத்து 10 நிமிஷம் போச்சு. மீதி 40ல நான் விளக்குறது, எழுதிப்போடுறது, அவங்க பாத்து எழுதுறது 30 நிமிஷம். பிள்ளைங்க வாய் திறக்க மிச்சம் 10 நிமிஷம், அதாவது 600 நொடி. வகுப்புல 24 பேரு. ஒருத்தருக்கு 25 நொடி. வருஷத்துக்கு 36 வகுப்புன்னு வெச்சா ஒரு பிள்ளை வருஷம் முழுக்க தமிழ்ல பேசுறது 900 நொடி, கால் மணி நேரம். அதுவும் எல்லாருக்கும் சமமா பிரிச்சாத்தான். நிஜத்துல கைதூக்குற அஞ்சு பேரே அதுல பாதிய எடுத்துக்குவாங்க, பின்வரிசையில உக்காந்திருக்குற பிள்ளைக்கு வருஷத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட தேறாது. வருஷத்துக்கு அஞ்சு நிமிஷம் நீந்துனா யாருக்காவது நீச்சல் வருமா?

இப்போ அதே 50 நிமிஷத்துல 15 நிமிஷம் ஜோடி ஜோடியா உக்கார வெச்சு பேச விட்டா, ஒருத்தர் பேச ஒருத்தர் கேக்கன்னு ஆளுக்கு ஏழரை நிமிஷம். அது கனவுக்கணக்கு, பாதி நேரம் சிரிப்பு, திகைப்பு, வேற பேச்சுன்னு போயிடும், சரி நாலு நிமிஷம்னே வெச்சுக்கலாம். 36 வகுப்புக்கு 144 நிமிஷம், கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம். கால் மணி நேரம் எங்க, ரெண்டரை மணி நேரம் எங்க. வேற எந்த வாதமும் எனக்கு இதுக்கு மேல தேவைப்படல.

உடனே ஒரு கேள்வி வரும், என் கூட பாடம் எடுக்குற அக்கா ஒருத்தங்க இத கேட்டாங்க, "பழைய முறையிலயும்தான் எல்லாரும் சேந்து சத்தமா சொல்றாங்களே, அப்போ 24 வாயும் திறந்துதானே இருக்கு?" நியாயமான கேள்வி. ஆனா கோரஸா சொல்லும்போது என்ன சொல்லணும்னு அந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கல, அடுத்த சொல் ஏற்கனவே கையில இருக்கு. "நான்"னா "எனக்கு"வான்னு ஒரு நொடி தடுமாறி, அப்புறம் ஒண்ண எடுத்து வெளிய விடணும், அந்த தடுமாற்றம் இருக்கே, அதுலதான் கத்துக்கிறது நடக்குதுன்னு நான் நம்புறேன். கோரஸ்ல உச்சரிப்பு வரும், ழகரம் நாக்குல படியும், அதுக்கு நான் இன்னைக்கும் கோரஸ் பயன்படுத்துறேன். வாக்கியம் கட்டுறதுக்கு அது உதவல.

கனடாவுல இதுக்கு பெரிய அளவுல ஒரு உதாரணம் இருக்கு. அங்க 1965லேர்ந்து ஆங்கிலம் பேசுற பிள்ளைங்கள பிரெஞ்சுலயே பெரும்பாலான பாடத்த படிக்க வெச்சாங்க. வருஷக்கணக்கா பிரெஞ்சுலயே கேட்டு வளர்ந்த பிள்ளைங்க, கேட்டு புரிஞ்சுக்கிறதுல பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைங்களுக்கு கிட்டத்தட்ட சமமா வந்துட்டாங்க, ஆனா பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணத் தப்பு போகவே இல்ல. மெரில் ஸ்வெயின்னு ஒரு மொழி ஆய்வாளர் 1985ல இத வெச்சுத்தான் சொன்னாங்க, கேட்டா மட்டும் பத்தாது, சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தாத்தான் மொழி கூர்மையாகும்னு. எனக்கு இது புது முறைக்காரங்களுக்கும் சேத்து சொன்ன எச்சரிக்கையா படுது, ஏன்னா டீச்சர் நாள் முழுக்க அழகா தமிழ்ல பேசிக்கிட்டே இருந்தாலும் அது டீச்சருக்குத்தான் பயிற்சி.

இன்னொன்னு, காத்திருக்குறது. மேரி பட் ரோனு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்ல வகுப்பறைகள்ல நேரம் அளந்து பாத்தாங்க, ஆசிரியர் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு நொடிதான் காத்திருக்குறாரு, அத மூணு நொடி ஆக்குனாலே பதில் நீளுது, பேசாத பிள்ளைங்களும் பேசுறாங்கன்னு. அவங்க பாத்தது அறிவியல் வகுப்பு. ரெண்டாம் மொழியில யோசிச்சு சொல்ற பிள்ளைக்கு இன்னும் கூடுதலாவே வேணும்னு தோணுது. நான் இப்போ கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு வரை எண்ணுறேன். முதல் மாசம் அது தாங்க முடியாத நேரமா இருந்துச்சு, வாய் தானா பதில சொல்லப் போகும்.

ஜோடி பேச்சுன்னு சொன்னா உடனே நடந்துடாது, அதையும் சொல்லணும். முதல் ரெண்டு மாசம் எனக்கு படுதோல்வி. ரெண்டு பேருக்கும் ஒரே படத்த கொடுத்து "பேசுங்க"ன்னேன், அவங்க வீட்டு மொழியில நாலு வார்த்தை பேசிட்டு சும்மா உக்காந்தாங்க. அவங்க மேல தப்பே இல்ல, ரெண்டு பேரும் அதே படத்த பாக்கும்போது எதுக்கு பேசணும்? அப்புறம்தான் புரிஞ்சுது, ஒருத்தர்கிட்ட இருக்குறது இன்னொருத்தர்கிட்ட இருக்கக் கூடாது. இப்போ ரெண்டு படம் போடுறேன், ஒரே அறைதான், ஆனா எட்டு வித்தியாசம். நடுவுல ஒரு பெரிய புத்தகத்த நிமித்தி நிறுத்திடுவோம், எட்டிப் பாக்கக் கூடாது. "உன் படத்துல ஜன்னல் திறந்திருக்கா?" "இல்ல, மூடியிருக்கு." "பூனை மேஜைக்கு கீழ இருக்கா?" "மேல இருக்கு." கைய காட்டி தப்பிக்க வழியில்ல, சொல்லித்தான் ஆகணும். ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி தேவைப்படுற அஞ்சாறு சொல்லையும் "இருக்கா, இல்ல, எங்க"ங்குற மாதிரி வடிவங்களையும் பலகையில எழுதி வெச்சுடுவேன், அது இல்லாம விட்டா திரும்ப வீட்டு மொழிதான். இந்த ஒரு மாற்றத்துக்கு அப்புறம் வகுப்புல கேக்குற தமிழோட அளவே வேற.

தப்பு திருத்துறதுல எனக்கு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பேசும்போது குறுக்க போய் திருத்துனா பிள்ளை சுருங்கிடுது, திருத்தாம விட்டா "நான் பசிக்குது" கெட்டிப்பட்டுடும். பிள்ளை தப்பா சொன்னத நாம சரியா திருப்பிச் சொல்லிட்டு நகர்ந்துடுறது பழக்கமான வழி, ஆனா லிஸ்டர், ராண்டான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1997ல வெளியிட்ட ஆய்வுல ஆசிரியர்கள் அதிகமா பயன்படுத்துறது இதுதான், பிள்ளைங்க அத கவனிச்சு எதிர்வினை காட்டுறது மத்த வழிகள விட கம்மின்னு வந்துச்சு. அவங்களுக்கு அது திருத்தம்னே படுறதில்ல, டீச்சர் ஆமான்னு சொன்ன மாதிரி இருக்கும். அதனால நான் இப்போ பதில கொடுக்குறதில்ல, "யாருக்கு பசிக்குது?"ன்னு மட்டும் கேக்குறேன். பிள்ளை ஒரு நிமிஷம் முழிக்கும், அப்புறம் "எனக்கு"ன்னு வரும். திரும்ப அதே வாய் திறக்குற விஷயம்தான், திருத்தமும் அவங்க வாயிலேர்ந்து வரணும்.

பழைய முறைக்கு வரேன். இலக்கணத்த வெளிப்படையா சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு சில பேர் அடிச்சு சொல்றாங்க, நான் அத ஒத்துக்கல. நோரிஸ், ஒர்டேகான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2000ல 49 ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசுனாங்க, விளக்கிச் சொல்லிக்கொடுத்தது தானா புரியட்டும்னு விட்டத விட நல்ல பலன் கொடுத்துச்சு. அந்த ஆய்வுகள்ல பெரும்பாலானது தேர்வு மாதிரி கேட்டு சோதிச்சது, சுதந்திரமா பேச விட்டு சோதிச்சது கம்மி, அதையும் கணக்குல வெச்சுக்கணும். என் அனுபவத்துல விளக்கம் பேச்சுக்கு அப்புறம் வந்தா ஒட்டுது. அரை மணி நேரம் "எனக்கு உனக்கு"ன்னு திணறுன பிள்ளைகிட்ட "இந்த கு எதுக்குன்னு பாப்போமா"ன்னா காது நிமிருது. பேசுறதுக்கு முன்னாடி சொன்னா அது இன்னொரு அட்டவணை. பாட்ட மனப்பாடம் பண்றதையும் நான் விடல, வீட்டு மொழியில ஒரு வரி அர்த்தம் சொல்றதையும் விடல. "ஆனால்"ங்குற சொல்லுக்கு பத்து நிமிஷம் நடிச்சுக் காட்டுறத விட ஒரு சொல்லுல அர்த்தம் சொல்லிட்டு அந்த பத்து நிமிஷத்த பேச விடலாம்.

எழுத்துல பழைய முறைதான் முன்னாடி நிக்குது, இத நேர்மையா சொல்லணும். 247 எழுத்தையும் வரிசையா எழுதி எழுதி பழகுன என் பழைய மாணவர்கள் கொம்பு, கால் தப்பு கம்மியா பண்ணாங்க, இப்போ இருக்குறவங்க "கொ"வுக்கும் "கெ"வுக்கும் கொஞ்சம் கூடுதலா தடுமாறுறாங்க. எழுத்துத்தமிழ் பரீட்சை மட்டும்தான் குறின்னா நான் சொன்ன கணக்கு அவ்வளவு பொருந்தாது.

பெரியவங்களுக்கு எப்படின்னு கேட்டா, நான் ஒரே ஒரு குழுவுக்குத்தான் எடுத்திருக்கேன், ஒம்போது பேரு, அவங்க விதிய முதல்ல கேட்டாங்க, விதி கிடைச்சா தைரியமா பேசுனாங்க. ஒரு குழுவ வெச்சு எதையும் உறுதியா சொல்ல மாட்டேன். அதே மாதிரி "வரேன்"னு முதல்ல சொல்லிக்கொடுக்கிறதா, "வருகிறேன்"னா, இது தமிழ் ஆசிரியர்களுக்கு தீராத பிரச்சனை. பேச விடுற முறைன்னா பேச்சுத்தமிழ்தான் முதல்ல வரணும்னு நான் அப்படித்தான் போறேன், ஆனா வாசிப்புக்கு மாறும்போது பிள்ளைங்க திரும்ப ஒரு படி ஏற வேண்டியிருக்கு, அந்த படிய எப்படி சின்னதாக்குறதுன்னு இன்னும் சோதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

மாறலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க முதல்ல ஒரே ஒரு வகுப்புக்கு வருகைப்பதிவு தாள எடுத்து, எந்த பிள்ளை தானா ஒரு முழு வாக்கியம் சொன்னாலும் பேருக்கு நேரா ஒரு கோடு போடுங்க. நான் அப்படி முதல்தடவ போட்டப்போ 24 பேருல 11 பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல. அதுல ஒரு பொண்ணு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும், ஒரு வருஷமா என் வகுப்புல இருக்கா, அவ குரல் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல. படம் வித்தியாசம் ஆரம்பிச்ச நாலாவது வாரம் அவ பேருக்கு நேரா ஆறு கோடு. ஏழாவதா ஒண்ணு, வகுப்பு முடிஞ்சு பைய தூக்கிட்டு போகும்போது கதவுகிட்ட திரும்பி, யாரும் கேக்காம சொன்னா, "டீச்சர், எனக்கு இந்த பூனை படம் வேணும்."