அறுவை சிகிச்சைக்காக இடைத்தரகரிடம் பணம் கட்டவிருக்கும் திருநங்கைகளின் கவனத்திற்கு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்திலிருந்து பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் தோழிகளுக்காக இதை எழுதுகிறேன். "மொத்தமாகக் கட்டிவிட்டால் போதும், மனநல மருத்துவர் சான்று முதல் காயம் ஆறும்வரை எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று வாக்களித்த ஒரு தரகர் மூலம், வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எனக்குச் சிகிச்சை நடந்தது. அறுவை அரங்கில் நடந்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததுதான் அநியாயம்.

மனநல மருத்துவர் என் பெயரைக் கேட்டதோடு சரி. சான்று முன்பே அச்சாகித் தயாராக இருந்தது. நாங்கள் எடுத்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டக்கூடியது என்பதால், அதைத் தொடர்வதா, எப்போது நிறுத்துவது என்பதை அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். என்னிடம் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சிறுநீர் வடிவதற்காகப் பொருத்தியிருந்த குழாயை (கதீட்டர்) எடுத்த அன்றே, சிறுநீர் இயல்பாகப் பிரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்தது ஒரே ஒரு மருந்துச் சீட்டு: இரண்டு மாத்திரைகளின் பெயர், கீழே யாருடையது என்று தெரியாத ஒரு கிறுக்கல். அன்றிரவு சிறுநீர் சொட்டுச் சொட்டாகக்கூட வராமல் நின்றுபோய், அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. தரகர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஒரே குருவிடம் என்னோடு சேலாவாக, அதாவது சீடராக இருக்கும் என் குருபாய்தான் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். என்ன அறுவை, எந்த முறையில் செய்தார்கள் என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டபோது, அந்தச் சீட்டைத் தவிர நீட்டுவதற்கு எங்களிடம் வேறெதுவும் இல்லை.

அறுவை முடிந்த 40ஆம் நாள் எங்கள் சமூகத்தில் நடக்கும் பாலூற்றும் சடங்கு வரை, ஜமாத்து எனப்படும் எங்கள் திருநங்கையர் கூட்டமைப்பின் பெரியவர்கள் என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் புதிதாக அமைத்த யோனிப் பாதை சுருங்காமலிருக்க, டைலேட்டர் என்ற விரிப்புக் கருவியைத் தொடக்கத்தில் தினமும் பலமுறையும், பிறகு படிப்படியாகக் குறைத்து மாதக்கணக்கிலும் பயன்படுத்த வேண்டும் என்பதை மருத்துவமனை அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கேட்டதற்கு, "அது தொகையில் சேராது" என்று பதில் வந்தது.

கொடுமை இதோடு முடியவில்லை. திருநர் உரிமைகள் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, அறுவைக்குப் பின் பெண் என்று திருத்திய அடையாளச் சான்றிதழைப் பெற, சிகிச்சை அளித்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ சான்றளிக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, யார் அறுவை செய்வார், குழாய் எடுத்தபின் எவ்வளவு நேரம் கண்காணிப்பார்கள், இரவில் அழைத்தால் யார் எடுப்பார், டைலேட்டரும் மறுபரிசோதனைகளும் தொகையில் அடங்குமா என்பதையெல்லாம் மருத்துவமனையின் முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். தரகரின் வாய்ச்சொல்லுக்கு நயா பைசா மதிப்பில்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. அந்த விதியைக் குறிப்பிட்டு நான் மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதே தரகரிடம் பணம் கட்டியவர்கள் இரசீதையும் அலைபேசிச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்தால், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.