‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’: அந்தக் கதவுக்காகவே பார்க்கலாம்

போன ஞாயிறு மகளோடு உட்கார்ந்து ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ பார்த்தேன். 1939-இல் வந்த படம், இவளுக்கு எட்டு வயது, பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் கான்சாஸ் பண்ணையில் நடக்கும் ஆரம்பப் பகுதி முழுக்கப் பழைய போட்டோ மாதிரி பழுப்பாகத்தான் இருக்கும். “கலரே வராதாப்பா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கொஞ்சம் பொறு என்றேன்.

அப்புறம் சூறாவளி வருகிறது. சுமார் 35 அடி நீளமுள்ள துணிக்குழாயைச் சுழலவிட்டு எடுத்தது அது, இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. வீட்டையே தூக்கிக்கொண்டு போய் எங்கேயோ தொப்பென்று போடுகிறது. பண்ணைச் சிறுமி டோரதி தயங்கித் தயங்கிக் கதவைத் திறக்கிறாள், வெளியே நிறம் நிறமாகக் கொட்டிக் கிடக்கிறது ஓஸ் என்ற மாய உலகம். மகள் சோபாவில் முட்டி போட்டு நிமிர்ந்துவிட்டாள்.

அந்த ஷாட்டை மட்டும் நாலு தடவை ஓடவிட்டோம். கதவு திறந்து கேமரா வெளியே போகிற வரை வெட்டு கிடையாது. வீட்டின் உள்பக்கத்துக்குப் பழுப்பு பெயின்ட் அடித்து, பழுப்பு உடை போட்ட ஒரு டூப்பை விட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் கலர் ஃபிலிமிலேயே எடுத்திருக்கிறார்கள். டூப் ஒதுங்கிக்கொள்ள, நீலக் கவுனில் டோரதியாக நடித்த ஜூடி கார்லண்ட் வருகிறார். இருபது நிமிடம் அந்தப் பழுப்பில் பொறுமையாக உட்கார வைத்ததால்தான் வேறு உலகத்துக்கு வந்துவிட்டோம் என்று நமக்கே தோன்றுகிறது. இப்போது வரும் மாயப் பயணப் படங்கள் பலவற்றில் முதல் காட்சியிலிருந்தே எல்லாம் மின்னுவதால், எங்கிருந்து எங்கே போனோம் என்பதே பிடிபடுவதில்லை.

குறையும் உண்டு. வீடு திரும்பும் வழி முதலிலிருந்தே டோரதியின் காலில் கிடந்த சிவப்புச் செருப்பில்தான் இருந்தது என்று நல்ல சூனியக்காரி கிளிண்டா கடைசியில் சொல்கிறாள். “அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமே?” என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நடுவில் சில பாட்டுகள் நீளம்.

பறக்கும் குரங்குகள் வரும் இடம் சின்னக் குழந்தைகளுக்கு நிஜமாகவே பயமாக இருக்கும், ஐந்து வயதுக்குக் கீழே என்றால் யோசியுங்கள், நாங்களே எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பார்த்தோம். இரண்டாவது முறை பார்க்கும்போது, ஓஸின் மந்திரவாதியாக நடித்த ஃப்ராங்க் மார்கன் எத்தனை வேடத்தில் வருகிறார் என்று குழந்தையை எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் ஐந்து. என் மகள் நான்கைக் கண்டுபிடித்துவிட்டாள், ஐந்தாவதுக்காக இந்த ஞாயிறும் போடச் சொல்லியிருக்கிறாள்.