தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெயா, கிளே பாரா?

புதிதாகத் தார் போட்ட சாலையில் போய் வந்தால் கார் கதவின் அடிப்பகுதியில் கரும்புள்ளிகள் ஒட்டிவிடும். ஷாம்பூவுக்கு அசையாது. தாரும் மண்ணெண்ணெயும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. அதனால் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்தாலே தார் இளகிவிடும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஆனால் எண்ணெய்ப் படலம் தங்கும். உடனே ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். வெயிலிலும் நெருப்புப் பக்கத்திலும் மண்ணெண்ணெய் கூடவே கூடாது.

கிளே பார் என்பது பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. அதைத் தாருக்கு நான் சொல்ல மாட்டேன். கெட்டித் தாரை இழுத்துப் பூசிவிடும். கழுவிய பிறகும் கைக்குச் சொரசொரவென்று தட்டுப்படும் பிரேக் தூசிக்கு அதுதான் சரி. சோப்புத் தண்ணீர் தெளித்து மெதுவாக ஓட்டுங்கள். கீழே விழுந்த கட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய மணல் பெயிண்டைக் கீறிவிடும். எதைச் செய்தாலும் மெழுகு போய்விடும், அப்புறம் புதிதாகப் பூச வேண்டும்.