நெல்லையா, நெல்லா? தமிழ் அரசியல் பிரதிகளுக்குக் குவான்டீடா எவ்வளவு தூரம் உதவும்

தேர்தல் அறிக்கை, சட்டமன்ற உரை, மேடைப் பேச்சு இவற்றைக் கணினியில் ஏற்றி ஆராய்வதையே பிஎச்டியாகவும் பிழைப்பாகவும் எடுக்க நினைக்கும் அபிஷேகப்பட்டி, பாளையங்கோட்டைப் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டிய கருவி குவான்டீடா. கென்னத் பெனுவாவும் கூட்டாளிகளும் உருவாக்கியது, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஓடிச் சொற்களைப் பிரித்து எண்ணுவது, இலவசம். ஒரு மாநிலக் கட்சிகளின் அறிக்கைகளுக்கு 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் தாராளம். எண்ணும் வேலையில் இதைக் குறை சொல்ல இடமில்லை. தமிழை அதற்குள் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆளைத் தின்கிற வேலை.

பைத்தான் தெரிந்தவர்கள் அதில் சைக்கிட்-லேர்ன் என்ற தொகுப்பு இருக்கிறதே என்பார்கள். அதில் சொல் எண்ணும் கவுன்ட்வெக்டரைசரை அமைப்பு மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள். புள்ளி, கொம்பு, கால் எதையும் அது எழுத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளாது. அவை வரும் இடமெல்லாம் சொல்லை வெட்டி, ஓரெழுத்துத் துண்டுகளைக் கழித்துவிடும். 'தேர்தல்' என்பதில் 'தல' மட்டும் மிஞ்சும் (ரசிகர் மன்றக் கணக்கெடுப்புக்கு ஆகும்). 'பாளையங்கோட்டை' 'யங' ஆகிவிடும். 'திருநெல்வேலி'யில் குறி ஒட்டாத எழுத்தே இல்லை என்பதால் ஊரே காணாமல் போகும். பிழைச் செய்தி ஒன்றும் வராது, அட்டவணை ஒழுங்காக வந்து நிற்கும். அதுதான் ஆபத்து. குவான்டீடா ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் விதிப்படி சொல் பிரிப்பதால் இந்த வெட்டுக்குத்து இல்லை.

விண்டோஸ் என்றால் ஆர் 4.2 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள். பழையதில் தமிழுக்குப் பதில் யூனிகோட் எண்கள் திரையை நிறைக்கும். எக்செலிலிருந்து எடுப்பதை 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமிக்காவிட்டால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். வானவில், பாமினி எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பை காப்பி செய்து பயனில்லை, முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பழைய நோட்டீஸ்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து டெசராக்ட் என்ற எழுத்துணரியில் ஓட்டலாம். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை போட்ட ணை, லை, னை வருமிடத்தில் அது தடுமாறும். அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்த நாள் ஒதுக்குங்கள்.

'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. இவற்றை ஒரே வடிவாக்கும் யூனிகோட் முறையான என்எஃப்சியை ஒருமுறை ஓட்டினால் இது தீரும். 'கௌரவம்' என்பதைக் கொம்பும் 'ள'வும் போட்டு அடித்திருந்தால் என்எஃப்சி தீர்க்காது. அதற்காக 'ெள' அத்தனையையும் மொத்தமாக மாற்றப் போனால் 'வெள்ளம்' சிதைந்துவிடும். தாமிரபரணிக் கரையில் 2023 டிசம்பருக்குப் பிறகு வந்த அரசியல் பேச்சில் அந்தச் சொல் இல்லாமல் என்ன ஆய்வு?

இனி அகராதி, அதாவது ஒவ்வொரு தலைப்புக்கும் தேட வேண்டிய சொற்களின் பட்டியல். சொல்லின் முதற்பகுதியைக் கொடுத்து நட்சத்திரக் குறி போட்டால் உருபு சேர்ந்த வடிவங்களையும் குவான்டீடா பிடிக்கும். ஒட்டி ஒட்டி வளரும் தமிழுக்கு இது பெரிய வசதி, கை சுடுவதும் இங்கேதான். கூடங்குளத்துக்காக 'அணு*' என்று போட்டால் 'அணுகுமுறை'யும் வரும். எந்த அறிக்கையில்தான் அது இல்லை? முக்கூடல், மேலப்பாளையம் பீடித் தொழிலாளருக்காக 'பீடி*' போட்டால் வறுமை 'பீடித்த' குடும்பங்களும் சேர்ந்துகொள்ளும். '*திமுக*' என்றால் அதிமுகவும் அதே கணக்கில் ஏறிவிடும். கட்சிப் பெயர்களைப் புள்ளி, இடைவெளி நீக்கி ஒரே வடிவாக்கி, முன்னால் நட்சத்திரம் இல்லாமல் தேடுங்கள். எல்லாவற்றையும் விட மோசமானது நம் ஊர்ப் பெயர். 'நெல்லை மாவட்டம்' என்பதிலும் 'நெல்லை அரசே கொள்முதல் செய்யும்' என்பதிலும் இருப்பது ஒரே எழுத்துக்கோவை. ஐ உருபை வெட்டிச் சொல்லின் அடியை மட்டும் விடும் ஸ்டெம்மர் ஊரையும் வயலில் தள்ளிவிடும். 'நெல்லை மாவட்டம்', 'நெல்லை மாநகராட்சி' போன்ற தொடர்களை டோக்கன்ஸ் காம்பவுண்ட் என்ற கட்டளை கொண்டு முதலிலேயே ஒட்டிவிடுவதுதான் வழி.

சந்தி ஒற்றும் உண்டு. 'தேர்தலுக்கு', 'தேர்தலுக்குப்' இரண்டும் தனித்தனிச் சொல்லாக எண்ணப்படும். சொல்லீற்று க், ச், த், ப்-ஐ வெட்டலாம், தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆங்கிலம் முடியும்: 'டாஸ்மாக்' 'டாஸ்மா' ஆகிவிடும். விலக்குப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களை வைத்துக் கட்சிகளின் நிலைப்பாட்டை அளக்கும் வேர்ட்ஃபிஷ், வேர்ட்ஸ்கோர்ஸ் இரண்டும் டெக்ஸ்ட்மாடல்ஸ் என்ற தனித் தொகுப்பில் கிடைக்கும். வேர்ட்ஃபிஷை ஸ்லாப்பினும் புரோக்‌ஷும் 2008-ல் ஜெர்மன் கட்சி அறிக்கைகளை வைத்துச் செய்து காட்டினார்கள். அது சொற்களின் ஏற்றத்தாழ்வை வைத்து அறிக்கைகளை ஒரே கோட்டில் வரிசைப்படுத்தும். அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லாது. 1967 அறிக்கையையும் 2021 அறிக்கையையும் ஒன்றாகக் கொட்டினால் கொள்கை வேறுபாட்டுக்குப் பதில் தமிழ் நடை மாறிய கதையே கோடாக வரக்கூடும். ஒரே தேர்தலின் அறிக்கைகளை மட்டும் ஒப்பிடுவது நல்லது.

குவான்டீடாவில் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை க்விக். தேடும் சொல்லை இருபுறமும் 5 சொற்களோடு நிறுத்திக் காட்டும். தமிழுக்கு 8 வைத்தால் வினைமுற்று வரை தெரியும். ஒவ்வொரு நட்சத்திர வடிவத்துக்கும் 50 வரியாவது படித்துவிட்டே எண்ணிக்கையை நம்புங்கள். பிறகு 200 வாக்கியங்களை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கும் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா பாருங்கள். 0.8 தாண்டினால் நல்லது, 0.667-க்குக் கீழே போனால் ஆளைக் குறை சொல்வதற்கு முன் வகைகளின் விளக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.