பேக்கிங் ஸ்ப்ரே: அந்தப் பணத்துக்கு வேறு வழி உண்டு

கேக் ஒட்டாமலிருக்க விற்கப்படும் ஸ்ப்ரே ஒன்றை வாங்கி, மூன்று மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். அவசரத்துக்கு அது உதவுகிறது. ஆனால் அதிலுள்ள லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் சூட்டில் இறுகி, நான்-ஸ்டிக் தட்டின் ஓரங்களில் எளிதில் தேய்த்தெடுக்க முடியாத பிசுக்காகப் படிந்துவிடுகிறது. மைதா, சமையல் எண்ணெய், வனஸ்பதி மூன்றையும் சம அளவில் அடித்துக் கலந்த விழுது, அதே வேலையைச் சில ரூபாய்ச் செலவில் இன்னும் நன்றாகவே செய்கிறது. மெல்லியதாகப் பூசினால் போதும், மேலே மாவு தூவ வேண்டியதில்லை. சாக்லேட் கேக்குக்கு மட்டும் மைதாவுக்குப் பதிலாகக் கோகோ தூள் சேர்க்கிறேன், இல்லையேல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்யும் சிஃபான் கேக்குக்கோ ஸ்ப்ரே, விழுது இரண்டுமே வேண்டாம். அது தட்டின் சுவரைப் பற்றிக்கொண்டுதான் எழும்பும்.